ஒற்றைக் குன்றின் பெயரைக் கென்னலுக்கு வைக்கலாமா?

குன்றடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக லாப்ரடார் நாய்களை வளர்த்து வருகிறேன். இதுவரை கண்காட்சிக்கு அழைத்துச் சென்றதோடு சரி, குட்டி எடுத்ததில்லை. இப்போது இடுப்பு மூட்டுப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் நல்லபடியாக முடிந்து, முதல் ஈற்றுக்குத் தயாராகி வருகிறோம். அதற்கு முன்பே கென்னல் பெயரை, அதாவது நம்மிடம் பிறக்கும் குட்டிகள் எல்லாவற்றின் பெயரோடும் சேர்ந்து வரும் பண்ணைப் பெயரை, பதிவு செய்துவிட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் கொட்டிலுக்கு மேற்கே, சுற்றிலும் சமவெளியாக இருக்க, நடுவில் ஒரே ஒரு பாறைக்குன்று நிற்கிறது. வெயில் தாழ்ந்ததும் எங்கள் மூன்று நாய்களும் வேலியோரம் போய் அந்தக் குன்றைப் பார்த்தபடி படுத்துக்கொள்ளும். முதல் நாயை வாங்கிய நாளிலிருந்து இதைப் பார்த்து வருவதால், பெயர் என்று யோசித்தவுடன் எனக்கு அந்தக் குன்றுதான் நினைவுக்கு வந்தது. 'ஒற்றைக்குன்றம்' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். என் துணைவியாரோ, நம் வேலியோரத்துக் குன்றை வெளியில் யாருக்குத் தெரியும், உலகறிந்த சிகரம் ஒன்றின் பெயரை வைத்தால் கேட்டவுடன் மனத்தில் பதியுமே என்கிறார். அவர் மனத்தில் இருப்பது 'மேட்டர்ஹார்ன்'.

புகழ்பெற்ற இடத்தின் பெயரா, நாம் மட்டும் அறிந்த இடத்தின் பெயரா? தமிழ்ச்சொல்லை வைத்தால் பிற நாடுகளில் பதிவிலோ கண்காட்சியிலோ சிக்கல் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவேடு எழுதியது:

வாழ்த்துகள், குன்றடி ஐயா. ஒரு சங்கத்தில் பதிவுப் படிவங்களைச் சரிபார்க்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவள் நான். அழகைப் பிறகு பார்க்கலாம், முதலில் அளவைப் பார்த்துவிடுவோம்.

பிரிட்டனின் கென்னல் கிளப், கென்னல் பெயர் ஒரே சொல்லாகவும் 4 முதல் 12 எழுத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறது. நாம் எந்த மொழிச் சொல்லை எடுத்தாலும் படிவத்தில் ரோமன் எழுத்தில்தான் எழுதப் போகிறோம். அப்படி எழுதிப் பார்த்தால், உயிர்மெய் ஒவ்வொன்றும் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து, கையடக்கமாகத் தோன்றிய தமிழ்ச்சொல் ரயில் பெட்டிகளைப் போல நீண்டுவிடும். 'ஒற்றைக்குன்றம்' தமிழில் மெய்யையும் சேர்த்து எட்டே எழுத்துதான். ரோமனில் அதைச் சுருக்கி எழுதினாலே 11, 12 வருகிறது, ஒலிப்பு கெடாமல் எழுதினால் 14 ஆகிறது. அமெரிக்கன் கென்னல் கிளப்பில் நாயின் முழுப்பெயருக்கு இடைவெளிகளையும் சேர்த்து 36 எழுத்துகள், கூடுதல் கட்டணம் கட்டினால் 50 வரை போகலாம். கென்னல் பெயரே 14 எழுத்தை விழுங்கி, அதன் பின் ஆங்கில வேற்றுமை உருபுக்கு இரண்டும் இடைவெளிக்கு ஒன்றும் போனால், குட்டியின் சொந்தப் பெயருக்கு மிஞ்சுவது 19 எழுத்து. முதல் ஈற்றில் இது உறைக்காது. ஐந்தாவது ஈற்றில், நல்ல பெயரெல்லாம் தீர்ந்துபோன பிறகு உறைக்கும்.

அடுத்தது காலம். பன்னாட்டு நாய் வளர்ப்போர் கூட்டமைப்பான எஃப்சிஐ 1911-இல் தொடங்கப்பட்டது, அதன் தலைமையகம் பெல்ஜியத்தில் உள்ளது. அதன் உறுப்பு நாடு ஒன்றில் ஒருவர் பெயரைப் பதிந்துவிட்டால் அது அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் அவருக்கே உரியது, மற்ற உறுப்பு நாடுகளில் வேறொருவருக்கு அதைத் தர மாட்டார்கள். மேலே சொன்ன பிரிட்டிஷ், அமெரிக்க அமைப்புகள் இரண்டும் அதில் உறுப்பினர்கள் அல்ல. ஆகவே எஃப்சிஐ பட்டியலில் இல்லாத பெயர் அங்கே வேறொருவரிடம் இருக்கலாம். மூன்று இடங்களிலும் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. 1873-இல் பிரிட்டனில் கென்னல் கிளப் தொடங்கி, அடுத்த ஆண்டே முதல் வம்சாவளிப் பதிவேட்டைத் தொகுத்தபோது, 'பாப்', 'ஜெட்', 'விக்' என்று ஒரே பெயரில் வரிசையாக நாய்கள் நின்றன. எந்த பாப் எந்த பாபுக்குத் தகப்பன் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. 1880-இல் பெயர்ப் பதிவைக் கொண்டுவந்ததற்கு அந்தக் குழப்பமே காரணம். கென்னல் பெயர் என்பது ஒரு வகையில் குட்டியின் இனிஷியல். அது தலைமுறைகளைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

மூன்றுவால் எழுதியது:

பதிவேடு அம்மா சொன்னதை இருபது ஆண்டுகளுக்கு முன் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கென்னலுக்கு ஓர் அருவியின் பெயரை வைத்தேன். இளமையில் நாயும் நானுமாக அங்கே நனைந்த நினைவில், அருவியின் முழுப்பெயரோடு 'சாரல்' என்ற சொல்லையும் ஒட்டி, மூன்று சொல் கொண்ட ஒரு பெயரைப் பதிந்தேன். கேட்பதற்குக் கவிதையாகத்தான் இருந்தது. முதல் குட்டியின் சான்றிதழ் வந்தபோது, அச்சுக் கட்டத்துக்குள் அடங்காமல் கடைசிச் சொல்லின் பின்பாதி காணாமல் போயிருந்தது. 'சாரல்' அறுந்து 'சா' என்று நின்றது. பிறந்த குட்டியின் சான்றிதழில் 'சா' என்று எழுதியிருந்தால் படிப்பவர் மனம் என்ன பாடுபடும்? சங்கத்துக்குக் கடிதம் எழுதித் திருத்திய சான்றிதழ் கைக்கு வருவதற்குள் அந்தக் குட்டி பால்பல் விழுந்து கடைவாய்ப் பல் முளைத்துவிட்டது.

இன்னொரு தொல்லை அதைவிடப் பெரியது. அருவி எல்லோருக்கும் சொந்தம். சில ஆண்டுகள் கழித்து அதே அருவியின் பெயரை, எழுத்துக்கூட்டலில் இரண்டே எழுத்து மாற்றி, வேறொருவர் தம் கென்னலுக்கு வைத்துக்கொண்டார். வேறொரு சங்கம் என்பதால் அங்கே தடுப்பார் இல்லை. அவரிடம் வாங்கிய குட்டிக்கு உடல்நலக் குறை என்று என்னிடம் தொலைபேசியில் சண்டை போட்டவர்கள் பலர். அவர்களிடம் நான் யாரென்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வளையத்தோரம் எழுதியது:

கண்காட்சிகளில் ஒலிபெருக்கியில் பெயர் படிப்பவன் நான். யாருமே யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். கென்னல் பெயரை உங்கள் நாய் ஒருநாளும் கேட்டுத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை, அதற்குக் கூப்பிடு பெயர் தனியாக இருக்கிறது. கென்னல் பெயரை வாய்விட்டுச் சொல்லப்போவது உங்களை அறியாத ஒருவர். அவருக்கு உங்கள் மொழியும் தெரியாது, மொழியே தெரியாதபோது உங்கள் குன்று எங்கே தெரியப் போகிறது? கையில் தாளை வைத்துக்கொண்டு, கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, முதன்முறையாக அதைப் படிப்பார். அவர் வாயில் அந்தப் பெயர் என்ன ஆகிறது என்பதுதான் சோதனை.

ஒருமுறை ஒரே நாயின் பெயரைக் காலையில் ஒரு விதமாகவும் பிற்பகலில் வேறு விதமாகவும் நானே படித்தேன். மாலை இறுதிச் சுற்றில் என் இடத்தில் உட்கார்ந்தவர் மூன்றாவது விதமாகப் படித்தார். உரிமையாளர் நாய்களை நடத்திக் காட்டும் வளையத்தின் ஓரத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து நாய்க்குச் சீப்புப் போட்டுக்கொண்டிருந்தார், அழைப்பது தம்மைத்தான் என்று அவருக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் எண் அட்டையைப் பார்த்துத் தோளைத் தட்டிய பிறகுதான் எழுந்து ஓடினார்.

'ஒற்றைக்குன்றம்' என்பதில் வல்லின இரட்டிப்பு இரண்டு இடத்தில் வருகிறது, போதாததற்கு 'ன்ற' வேறு. தமிழர் வாயில் அது தேன், மற்றவர் வாயில் கூழாங்கல். அழகான பெயர் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்பேன்.

நிலமடி எழுதியது:

நான் புவியியல் கற்பித்தவள். சமவெளி நடுவே தனித்து நிற்கும் குன்று என்று குன்றடி எழுதியதைப் படித்தவுடன் எனக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மொனாட்நாக் என்றொரு மலை இருக்கிறது. உயரம் 965 மீட்டர்தான், சிகரங்களின் கணக்கில் அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் சுற்றியிருந்த நிலமெல்லாம் தேய்ந்து தாழ்ந்த பிறகும் கடினமான பாறையாக இருந்ததால் தேயாமல் தனியே நின்றது. அந்தத் தனிமைக்காகவே, இப்படி எஞ்சி நிற்கும் குன்றுகள் அனைத்துக்கும் புவியியலில் 'மொனாட்நாக்' என்பது பொதுச்சொல் ஆகிவிட்டது. வேலியோரத்துக் குன்றை யாருக்குத் தெரியும் என்று கேட்ட அம்மையாருக்கு இதைச் சொல்லுங்கள். உயரத்தில் பெரிதல்லாத ஒரு மலையின் பெயர்தான் பின்னாளில் பாடநூல்களுக்குள் போனது.

இதில் நாய்க்காரர்களுக்கு வேண்டிய செய்தி என்னவென்றால், அந்த மலையின் பெயரிலேயே ஒரு கென்னல் இருந்தது. சைபீரியன் ஹஸ்கி இனத்தை அமெரிக்காவில் நிலைநிறுத்தியவர்களுள் ஒருவரான லோர்னா டெமிடாஃப் நடத்திய கென்னல் அது. அதன் நாய்களான மொனாட்நாக்ஸ் பாண்டோ, மொனாட்நாக்ஸ் கிங் ஆகியவற்றின் பெயர்களை அந்த இனத்தின் பழைய வம்சாவளித் தாள்களில் இன்றும் காணலாம். மொனாட்நாக்கைப் பார்த்திராதவர்களுக்கும் அது இன்று ஹஸ்கியின் பெயர். நாய்கள் நன்றாக இருந்தால் பெயருக்குப் புகழ் தானே வந்து சேரும்.

ஈரமூக்கு எழுதியது:

நிலமடி அம்மா சொன்னது அருமை. பழைய வரலாற்றில் இன்னொன்றும் இருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தின் பதிவேட்டில் முதல் எண்ணைப் பெற்ற நாயை 1899-இல் அந்த இனத்தை உருவாக்கிய மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் வாங்கியபோது அதன் பெயர் ஹெக்டர் லிங்க்ஸ்ரைன். 'லிங்க்ஸ்ரைன்' என்றால் ரைன் ஆற்றின் இடக்கரை. அவர் அதைத் தம் கென்னலான கிராஃப்ராத்தின் பெயரால் ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று மாற்றிவிட்டார், இன்று உலகம் அறிந்தது ஹோராண்டைத்தான். ஆற்றங்கரையை யாரும் நினைப்பதில்லை.

இப்போது அப்படி வாங்கியவர் விருப்பம்போல் மாற்ற முடியாது. குட்டி யார் வீட்டில் பிறந்ததோ அவருடைய கென்னல் பெயர்தான் அதனோடு போகும். பிரிட்டனில் வாங்கியவர் தம் கென்னல் பெயரைச் சேர்க்க விரும்பினால் அது பின்னொட்டாக வரும், பிறந்த வீட்டின் பெயர் முன்னால் அப்படியே நிற்கும். ஆகவே உங்கள் குன்று, அதைக் கண்ணால் கண்டிராத நாய்களோடு உலகம் சுற்றப் போகிறது என்பதை மனத்தில் வையுங்கள்.

குன்றடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 'ஒற்றைக்குன்றம்' என்பதைக் கைவிட மனம் வரவில்லை என்றாலும், வளையத்தோரம் அண்ணன் சொன்ன கூழாங்கல் உவமை காதிலேயே ஒலித்துக்கொண்டிருக்கிறது. என் துணைவியாரும் இந்த இழையைப் படித்துவிட்டார். மொனாட்நாக் கதை அவரைச் சற்று அசைத்திருக்கிறது, ஆனால் முழுதாக ஒப்பவில்லை. புகழ்பெற்ற பெயரில் அப்படி என்ன தீங்கு என்று கேட்கச் சொன்னார்.

பதிவேடு எழுதியது:

தீங்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று இடையூறுகள் உண்டு, அம்மையாரிடம் சொல்லுங்கள்.

முதலாவது, புகழ்பெற்ற பெயரை எல்லோரும் தேடி வருகிறார்கள். நீங்கள் போவதற்கு முன்பே யாராவது எடுத்திருப்பார்கள். அந்தப் பெயரே கிடைக்காமல் அதனோடு ஒரு வாலையும் கொம்பையும் ஒட்டி எழுத வேண்டி வரும், ஒட்டியது கடைசிவரை ஒட்டாததுபோலவே இருக்கும்.

இரண்டாவது, அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆல்ப்ஸ் மலையின் கிரேட் செயின்ட் பெர்னார்டு கணவாய் 2,469 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே துறவிகளின் விடுதியில் வளர்ந்த நாய்கள் பனியில் சிக்கிய வழிப்போக்கர்களைக் காத்தன, இனத்துக்கே கணவாயின் பெயர் வந்தது. 2005-இல் அந்த விடுதியின் நாய்களை ஓர் அறக்கட்டளை ஏற்று நடத்தத் தொடங்கிய பிறகும் கணவாயின் பெயர்தான் அந்தக் குட்டிகளுக்கு. அவர்கள் அந்தப் பெயரைப் பல தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்து பெற்றார்கள். நமக்கும் மேட்டர்ஹார்னுக்கும் என்ன உறவு என்று ஒரு குட்டி வாங்க வந்தவர் கேட்டால், படம் பார்த்தோம் என்பதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்?

மூன்றாவதை நிலமடி அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார். புகழ்பெற்ற இடங்களின் பெயர்கள் நாம் நினைப்பதுபோல நிலையானவை அல்ல.

நிலமடி எழுதியது:

பதிவேடு சொல்வது முற்றிலும் சரி. வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 6,190 மீட்டர். 1917-இல் அமெரிக்க அரசு அதை மவுண்ட் மெக்கின்லி என்றது, 2015-இல் அப்பகுதித் தொல்குடிகளின் பழைய பெயரான டெனாலி என்று மாற்றியது, 2025-இல் மீண்டும் மெக்கின்லி என்றது. எந்தப் பெயரைக் கென்னலுக்கு வைத்திருந்தாலும் அந்த உரிமையாளர் ஒரு முறையாவது அரசியல் விவாதத்துக்குள் இழுக்கப்பட்டிருப்பார், நாய் வளர்ப்பவருக்கு அது தேவையா?

ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை வேறு வகை. தனித்து நிற்கும் பாறைகளில் அதைப்போலக் கண்ணை ஈர்ப்பது வேறில்லை, அதனாலேயே ஆசை வரும். அப்பகுதித் தொல்குடிகளான அனாங்கு மக்களுக்கு அது புனிதமானது, அதன்மேல் ஏற வேண்டாம் என்று அவர்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டு, 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவது முறையாக நிறுத்தப்பட்டது. பிறர் வணங்கும் இடத்தின் பெயரை நம் நாய்க்கு முன்னொட்டாக வைப்பது நமக்கு அன்பாகத் தோன்றலாம், அவர்களுக்கு அப்படித் தோன்றாமல் போகலாம். இடம் யாருக்கு என்னவாக இருக்கிறது என்று விசாரித்துக்கொண்ட பிறகே பெயரைத் தொட வேண்டும். இது உங்கள் வேலியோரத்துக் குன்றுக்கும் பொருந்தும், ஐயா.

மூன்றுவால் எழுதியது:

பெயர் மாறுவது இருக்கட்டும், இடமே காணாமல் போனால்? மொனாட்நாக் இருக்கும் அதே நியூ ஹாம்ப்ஷயரில், மலைமுகட்டில் முதியவர் முகம்போலத் துருத்திக்கொண்டிருந்த கிரானைட் பாறை 2003 மே 3 அன்று சரிந்து விழுந்துவிட்டது. கம்பியும் சிமெண்டும் போட்டுப் பல்லாண்டுகளாகத் தாங்கி நிறுத்தியும் நிற்கவில்லை. மால்ட்டாவில் கடலோரம் இருந்த நீலச் சாளரம் என்ற பாறை வளைவு 2017 மார்ச்சில் ஒரு புயலில் கடலுக்குள் போனது. ஆயிரக்கணக்கான படங்களில் இருந்த வளைவு, ஒரே காலையில் இல்லை.

ஈரமூக்கு எழுதியது:

இதில் மூன்றுவாலோடு நான் உடன்படவில்லை. விழுந்தால் என்ன? அந்தக் கல்முகம் விழுந்த பிறகும் அந்த மாநிலத்தார் அதைத் தங்கள் சின்னமாகவே வைத்திருக்கிறார்கள். இடம் போன பிறகு அதன் பெயரைத் தாங்கி நிற்கும் நாய் வரிசை ஒன்று இருப்பது எனக்கு நல்லதாகவே படுகிறது. நம் நாய்களும்தான் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் போய்விடுகின்றன, பெயரை நாம் அழித்துவிடுகிறோமா? உங்கள் லாப்ரடாரையே பாருங்கள். அதன் முன்னோர்கள் வந்தது நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து. பக்கத்து நிலமான லாப்ரடாரின் பெயர் தவறாக ஒட்டிக்கொண்டு, இன்று அந்தத் தவறுதான் பெயர்.

மூன்றுவால் எழுதியது:

அதுவும் நியாயம்தான். என் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'சா' என்ற சான்றிதழைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு எல்லாமே அபசகுனமாகத் தெரிகிறது.

நிலமடி எழுதியது:

குன்றடி ஐயா தமிழ்ச்சொல் வேண்டும் என்கிறார், சுருக்கமாகவும் வேண்டும். நிகண்டுகளைத் திறந்தால் மலைக்கு மட்டும் எத்தனை சொற்கள்! வரை, வெற்பு, பொருப்பு, குவடு, பொறை, ஓங்கல், சிலம்பு, அடுக்கம், சாரல் என்று வந்துகொண்டே இருக்கும். இவற்றில் பல ரோமன் எழுத்தில் ஐந்திலிருந்து ஏழுக்குள் அடங்கிவிடுகின்றன. குவடு என்பது உச்சி. பொறை என்பதற்கு மலை என்றும் பொருள், பாரம் என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள். பிரசவத்தைப் பழைய தமிழில் பொறையுயிர்த்தல் என்பார்கள், சுமையை இறக்கி இளைப்பாறுவது. குட்டி ஈனும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான மலைப்பெயர் எனக்குத் தோன்றவில்லை. பாறைப் பிளவுக்கு 'விடர்' என்றொரு சொல்லும் உண்டு. உச்சரிக்க எளிது, ஐந்தே எழுத்து.

வளையத்தோரம் எழுதியது:

அம்மா, மன்னிக்க வேண்டும், 'விடர்' வேண்டாம். தமிழில் பெண்பித்தர்களையும் அந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். ஆண் நாயை இனவிருத்திக்கு அழைத்துக்கொண்டு போகும்போது அந்தப் பெயரைச் சொன்னால் சிரிப்பை அடக்க முடியாது. போதாததற்கு, ரோமன் எழுத்தில் எழுதினால் அது வட ஐரோப்பியத் தொன்மத்தில் வரும் ஒரு கடவுளின் பெயர். அந்த நாடுகளில் ஆண்பிள்ளைகளுக்கே வைக்கும் பெயர் அது.

நிலமடி எழுதியது:

ஐயோ, பிளவை மட்டும் நினைத்தேன். திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பதிவேடு எழுதியது:

இதை வேடிக்கையாகக் கடந்துவிட வேண்டாம். எந்தச் சொல்லை எடுத்தாலும், நம் மொழியில் அதன் இரண்டாம் பொருளையும், ரோமன் எழுத்தில் எழுதியபின் பிற மொழிகளில் அது என்னவாகப் படிக்கப்படும் என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. 'பொருப்பு' கேட்பதற்கு 'பொறுப்பு' போலவே இருக்கும், அது ஒருவகையில் நல்லதுதான். ஆனால் எழுதும்போது மக்கள் தவறாக எழுதுவார்கள். 'அருவி', 'சாரல்' போன்றவை இனிமையானவை, அதனாலேயே எல்லோரும் எடுப்பவை.

குன்றடி ஐயாவிடம் ஒரு கேள்வி. நீங்கள் குன்றைத் தூரத்திலிருந்து பார்த்தே பெயர் தேடுகிறீர்கள். அதன் அருகே போனதுண்டா? முழுக் குன்றின் பெயரை எடுப்பதைவிட அதன் ஒரு மூலையை, நீங்களும் உங்கள் நாய்களும் மட்டும் அறிந்த ஓர் இடத்தை எடுத்தால், இன்னொருவர் அதே பெயரைத் தேடி வரும் வாய்ப்பு குறைவு. நான் படிவங்களைச் சரிபார்த்த காலத்தில், முதல் தேர்விலேயே தடையின்றிக் கிடைத்த பெயர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவையாகத்தான் இருந்தன.

குன்றடி எழுதியது:

பதிவேடு அம்மாவின் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், நாங்கள் அடிக்கடி அங்கே போகிறோம். ஆனால் பெயர் யோசிக்கும்போது மட்டும் நான் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று விடிகாலையில் துணைவியாரையும் அழைத்துக்கொண்டு மூன்று நாய்களோடு போனோம். குன்றின் வடபுறத்தில், ஆள் உயரத்துக்கும் சற்று மேலே, பாறையில் ஒரு குழி இருக்கிறது. ஒரு பெரிய அண்டா அளவுதான், அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும். கோடையிலும் வற்றி நான் பார்த்ததில்லை. மூத்த நாய்க்கு இப்போது இடுப்பு வலி, ஏறுவதற்கு அதன் பின்கால்களை நான் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் அது நேராக அந்தக் குழிக்குத்தான் போனது. மற்ற இரண்டும் வால் ஆட்டிக்கொண்டு காத்திருந்தன, மூத்தது குடித்து முடிக்கும்வரை இளையவை அந்த நீரில் வாய் வைப்பதில்லை. பாறையின் விளிம்பில் ஓரிடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. எங்கள் நாய்கள் மட்டும் தேய்த்ததாக இருக்காது, அவற்றுக்கு முன் எத்தனையோ பிராணிகள் அந்த இடத்தில் மார்பை அழுத்திக் குனிந்து குடித்திருக்கும்.

துணைவியார் அந்த வழவழப்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் மாலையில் இவை குன்றையா பார்த்துக்கொண்டிருந்தன? இந்தத் தண்ணீரைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கின்றன" என்றார். மேட்டர்ஹார்ன் அங்கேயே முடிந்துவிட்டது. 'சுனை' என்று வைக்கலாமா?

பதிவேடு எழுதியது:

'சுனை' மிகச் சிறியது, யாராவது எடுத்திருக்கலாம், அல்லது சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு குழப்பிக்கொள்வார்கள். 'கற்சுனை' என்று வைத்துப் பாருங்கள். ரோமன் எழுத்தில் எட்டு, ஒரே சொல், 12-க்குள் வசதியாக நிற்கிறது. குட்டியின் பெயருக்கும் தாராளமாக இடம் இருக்கும்.

வளையத்தோரம் எழுதியது:

உரக்கப் படித்துப் பார்த்தேன், தடுக்கவில்லை. தமிழ் அறியாத என் நண்பர் ஒருவரிடம் தாளில் எழுதிக் காட்டினேன். றகரத்தைக் கொஞ்சம் மெலிதாக்கிப் படித்தார், மற்றபடி பெயர் பெயராகவே இருந்தது. ஒன்றை மட்டும் இப்போதே முடிவு செய்யுங்கள். நடுவில் வரும் சகரத்துக்கு எஸ் போடுவதா, சிஎச் போடுவதா? தமிழ் இலக்கணப்படி றகரத்துக்குப் பின் வல்லினமாகத்தான் ஒலிக்க வேண்டும் என்று சிஎச் கேட்பவர்கள் வருவார்கள். நான் எஸ் என்பேன். சிஎச் போட்டால் சிலர் அதைக் ககரமாகவும் படிப்பார்கள், அப்புறம் 'கற்குனை' ஆகிவிடும்.

ஈரமூக்கு எழுதியது:

எஸ்தான். எதை எழுதினாலும் படிவத்திலும் பெயர்ப்பலகையிலும் இணையத்திலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். பலகை எழுதுபவரிடம் வாயால் சொல்லாதீர்கள், தாளில் எழுதிக் கொடுங்கள்.

நிலமடி எழுதியது:

பெயர் சுனையிலிருந்து வந்ததால் ஒரு சிறு யோசனை. ஈற்றுக்கு ஒரு கரு என்று வைத்துக்கொண்டால் குட்டிகளின் பெயர்களும் வரிசையாக அமையும். பிரான்சில் ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று வகுத்து, அந்த ஆண்டில் பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் அந்த எழுத்தில் தொடங்கும் பெயரையே வைக்கிறார்கள். 2025-க்கு ஏ என்ற எழுத்து. நீங்கள் எழுத்துக்குப் பதிலாக நீரை வைத்துக்கொள்ளலாம். முதல் ஈற்றுக்கு ஊற்று, ஓடை, தூறல், பனி, அலை என்று எடுங்கள். அடுத்த ஈற்றுக்குக் கல்லின் பக்கம் போகலாம்.

குன்றடி எழுதியது:

மூன்று அமைப்புகளின் தேடுபட்டியலிலும் பார்த்துவிட்டேன், 'கற்சுனை' எதிலும் இல்லை. இன்று படிவத்தை அனுப்பினேன். முதல் தேர்வாக அதையும், இரண்டாவதாகப் 'பொறை', மூன்றாவதாகக் 'குவடு' என்பவற்றையும் எழுதியிருக்கிறேன். எஸ்தான் போட்டிருக்கிறேன். படிவத்தில் சொல்லின் பொருளைக் கேட்கும் இடத்தில் 'பாறையில் நிற்கும் நீர்' என்று எழுதிவிட்டு, துணைவியாரிடம் காட்டினேன். அவர் 'நிற்கும்' என்பதை அடித்துவிட்டு 'ஊறும்' என்று திருத்திக் கொடுத்தார்.

பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.